தூவானத்தையும் பிடித்து வையுங்கள்: நியூட்ரினோ ஆய்வகங்களுக்கு ஒரு திறந்த மடல்

சூப்பர்-கமியோகாண்டே, ஹைப்பர்-கமியோகாண்டே, ஜூனோ, டியூன், ஐஸ்கியூப் ஆகியவற்றை நடத்தும், கட்டிவரும் ஆய்வுக் கூட்டமைப்புகளுக்கும், சூப்பர்நோவா முன்னெச்சரிக்கை வலையமைப்பான ஸ்நியூஸைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும்,

வணக்கம்.

நம் பால்வீதியில் அடுத்த விண்மீன் வெடிக்கும் நாளில் உங்கள் கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் துடிக்கும். பத்துப் பதினைந்து வினாடிகள், மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம். அந்த நேரத்துத் தரவை நீங்கள் கண்ணைப் போலக் காப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் எழுதுவது அதற்குப் பிறகு வரும் மணி நேரங்களை, நாட்களை, ஆண்டுகளைப் பற்றி. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்று எங்கள் மொழியில் சொல்வோம். சூப்பர்நோவா எனும் விண்மீன் வெடிப்பு கொட்டும் நியூட்ரினோ மழைக்கும், அதாவது எதனோடும் எளிதில் ஒட்டாத மிக லேசான துகள்களின் மழைக்கும், அப்படி ஒரு தூவானம் இருக்கலாம். இருந்தால், அதில் வந்து விழுவது கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளாக இருக்கும்.

நான் உங்களில் ஒருவர் அல்ல. இயற்பியல் கற்றுக்கொடுக்கிறேன், இந்தத் துறையின் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக விடாமல் படிக்கிறேன், அவ்வளவுதான். ஆனாலும் இந்தக் கோரிக்கையை வெளியிலிருந்து ஒருவர் வைப்பதில் தவறில்லை என்று நினைக்கிறேன். வெடிப்பு நடந்த பிறகு யோசித்துச் செய்யக்கூடிய காரியம் இல்லை இது. விண்மீன் வெடிப்பதற்கு முன்பே, இன்றைக்கே, எழுத்தில் முடிவுசெய்து வைக்க வேண்டியது.

1987 பிப்ரவரி 23 உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த நாளின் இரண்டு சின்ன விஷயங்களை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. பால்வீதியின் துணை மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில், சுமார் 1,68,000 ஒளியாண்டு தொலைவில் வெடித்த அந்த விண்மீனிலிருந்து வந்த நியூட்ரினோக்களில் ஜப்பானின் கமியோகாண்டே 11-ஐயும் அமெரிக்காவின் ஐ.எம்.பி. 8-ஐயும் சோவியத் யூனியனின் பக்சான் 5-ஐயும் பிடித்தன. மொத்தமே இரண்டு டஜன். இன்றுவரை நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் அந்த இரண்டு டஜனை வைத்துத்தான் ஓடுகின்றன. அதில் கமியோகாண்டேவின் கடிகாரத்துக்கு ஒரு நிமிடம் வரை பிழை இருந்தது. அதனால் ஜப்பானில் முதல் நியூட்ரினோ எப்போது வந்தது, அமெரிக்காவில் எப்போது வந்தது என்று நேருக்கு நேர் ஒப்பிட முடியாமலே போனது. ஐ.எம்.பி.யிலோ ஒரு மின்வழங்கி பழுதாகி, மங்கலான ஒளியைப் பிடிக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய்களில் கால்வாசி அப்போது இருட்டில் கிடந்தன. யாரையும் குறை சொல்லவில்லை. கமியோகாண்டே புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்கக் கட்டிய தண்ணீர்த் தொட்டி, அதில் சூப்பர்நோவா வந்து விழுந்ததே பெரும் பேறு. ஆனால் ஒரு சாதாரணக் கடிகாரப் பிழை நாற்பது ஆண்டுகளாகத் திருத்த முடியாததாக நிற்கிறது, பாருங்கள். அந்தக் கடிகாரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. பால்வீதிக்குள் வெறுங்கண்ணால் பார்த்த கடைசி சூப்பர்நோவா 1604-இல் தெரிந்தது. நூறு ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான் வரும் என்பது இன்றைய கணிப்பு. அடுத்ததில் கோட்டைவிட்டால் அதற்கு அடுத்தது நம் பேரப்பிள்ளைகளின் காலத்தில்தான் வரும்.

சரி, நியூட்ரினோவுக்கும் கரும்பொருளுக்கும் என்ன உறவு?

பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் ஆறில் ஐந்து பங்கு கரும்பொருள். விண்மீன் மண்டலங்களின் சுழற்சியிலும் ஈர்ப்பால் ஒளி வளைவதிலும் பிரபஞ்சத்தின் ஆதி ஒளியிலும் அதன் தடம் இருக்கிறது. அது எந்தத் துகள் என்பதுதான் தெரியவில்லை. நியூட்ரினோவோடு அதற்கு உறவு உண்டா என்பதும் தெரியவில்லை. நாம் அறிந்த துகள் கோட்பாட்டில் அப்படி ஓர் உறவுக்கு இடமே இல்லை, ஏனென்றால் கரும்பொருளுக்கே அங்கே இடமில்லை. ஆனால் இரண்டும் மின்னூட்டம் இல்லாதவை, இரண்டும் மற்ற பொருளோடு ஒட்டாமல் போகின்றவை. ஒன்றுக்கொன்று மட்டும் பேசிக்கொள்ளும் ரகசிய வழி ஒன்று இருக்கலாம் என்று சந்தேகப்படுவது நியாயம்தான்.

அந்தச் சந்தேகத்தைச் சோதிக்க சூப்பர்நோவாவை மிஞ்சிய இடம் கிடைப்பது அரிது. ஒரு பெரிய விண்மீனின் உட்கரு சரியும்போது வெளிப்படும் ஆற்றலில் 99 சதவீதம் நியூட்ரினோக்களாகப் போகிறது. எண்ணிக்கையில் சொன்னால் 1-க்குப் பின்னால் 58 பூஜ்ஜியங்கள். ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 10 முதல் 15 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் (எலக்ட்ரான் வோல்ட் என்பது துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு). இத்தனையும் சில வினாடிகளில் கிளம்பி, ஆயிரக்கணக்கான ஒளியாண்டுகள் கரும்பொருள் கடலுக்குள் நீந்தித்தான் நம்மை அடைகின்றன.

வழியில் கரும்பொருளோடு மோதினால் நியூட்ரினோ ஆற்றலை இழக்கும், திசை மாறும், தாமதமாக வரும், அல்லது வரவே வராது. 1987-இல் எதிர்பார்த்த அளவுக்கு நியூட்ரினோ வந்து சேர்ந்தது என்பதிலிருந்தே அந்த மோதலுக்கு ஒரு மேல்வரம்பு போட்டாகிவிட்டது. இது மிகக் கறாரான வரம்பு இல்லை. விண்மீன் எத்தனை நியூட்ரினோவை அனுப்பியது என்பதே நமக்குத் துல்லியமாகத் தெரியாதபோது, எத்தனை காணாமல் போயின என்று எப்படிச் சொல்வது? இன்னொரு சோதனை உட்கருவுக்குள்ளேயே நடக்கிறது. புதிய லேசான துகள் ஏதாவது அங்கே பிறந்து நழுவி ஓடினால் உட்கரு சீக்கிரம் குளிர்ந்துவிடும், நியூட்ரினோ பொழிவும் முன்கூட்டியே முடிந்துவிடும். கமியோகாண்டே பார்த்த பொழிவு 12 வினாடிகளுக்கு மேல் நீடித்தது. அதை வைத்து எத்தனையோ கற்பனைத் துகள்களுக்கு வரம்பு கட்டியிருக்கிறார்கள். இந்த இரண்டும் நீங்கள் அன்றாடம் புழங்கும் விஷயங்கள், இவற்றை நான் நீட்ட வேண்டாம்.

மூன்றாவது வழிதான் என்னை இந்த மடல் எழுத வைத்தது. 2023-இல் இயற்பியலாளர்கள் சிலர் கேள்வியை மறுபக்கமாகத் திருப்பிக் கேட்டார்கள். மோதலில் நியூட்ரினோ எதை இழக்கிறது என்று பார்ப்பதற்குப் பதிலாக, கரும்பொருள் எதைப் பெறுகிறது என்று பார்த்தால் என்ன?

சாதாரணமாக நம்மைச் சுற்றி இருக்கும் கரும்பொருள் வினாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில்தான் திரிகிறது. எலக்ட்ரானை விட லேசான துகளாக இருந்தால் அந்த வேகத்தில் அதன் ஆற்றல் மிகச் சொற்பம். நிலத்தடியில் டன் கணக்கில் திரவ செனானை வைத்துக்கொண்டு காத்திருக்கும் பெரிய கருவிகளில்கூட அது ஓர் அணுக்கருவை அசைக்காது. கொசு வந்து தேரை இடித்த மாதிரி. ஆனால் அதே துகளை ஒரு சூப்பர்நோவா நியூட்ரினோ முட்டித் தள்ளினால், ஏறக்குறைய நியூட்ரினோவின் ஆற்றல் முழுவதையும் அது வாங்கிக்கொண்டு ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாயும். அப்புறம் அது உங்கள் தொட்டியில் ஓர் எலக்ட்ரானைத் தட்டினால், அந்த எலக்ட்ரான் தண்ணீரில் பாய்ந்து எழுப்பும் செரென்கோவ் ஒளி என்ற நீலச் சுடர் உங்கள் குழாய்களுக்குத் தெரியும். அதன் திசையும் ஏறத்தாழ தெரியும், வெடிப்பு நடந்த பக்கத்தையே அது காட்டும்.

ஒளியின் வேகத்தை நெருங்கும் என்றேன், எட்டாது. நிறை கொஞ்சமாவது இருந்தால் ஒளிக்குப் பின்னால்தான் வர வேண்டும். எவ்வளவு பின்னால் என்பது அதன் நிறையைப் பொறுத்தது. தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். பால்வீதியின் மையத்தருகே, 26,000 ஒளியாண்டு தொலைவில் வெடிப்பு நடந்து, கரும்பொருள் துகள் 10 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை வாங்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். துகள்களின் நிறையையும் ஆற்றல் அலகிலேயே சொல்வது வழக்கம். துகளின் நிறை 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்றால் நியூட்ரினோவுக்குப் பின்னால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தாமதித்து வரும். 10 கிலோ என்றால் ஏறக்குறைய ஐந்து நாட்கள். 100 கிலோ என்றால் ஓராண்டு, அதற்கு மேலே மூன்று நான்கு மாதங்கள். 1 மெகா என்றால் நூறு ஆண்டுக்கு மேல். எல்லாத் துகள்களும் ஒரே ஆற்றலை வாங்காது, நேர்கோட்டில் வராது என்பதால் ஒரே கணத்தில் வராமல் பரவி வரும். ஆனாலும் அந்தப் பரவலின் உச்சம் எங்கே விழுகிறது என்பது நிறையைச் சொல்லிவிடும். மோதும் வாய்ப்பு அதிகமா குறைவா என்பது எத்தனை துகள் வருகிறது என்பதை மாற்றும், எப்போது வருகிறது என்பதை மாற்றாது. ஆக, காலண்டரை வைத்தே கரும்பொருளின் எடையைப் பார்த்துவிடலாம். இதைப் படித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாணவப் பருவத்தில் நடந்த ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. வானிலிருந்து வரும் மியூவான்களை, அதாவது எலக்ட்ரானின் கனமான உறவினர்களை, எண்ணும் ஒரு சின்னப் பரிசோதனை செய்தேன். ஒளிர்வுத் தகடு ஒன்று, ஒளிப்பெருக்கிக் குழாய் ஒன்று. மியூவான் வரும்போது ஒரு துடிப்பு. சில நேரம் அதற்குப் பின்னால் ஓரிரு மைக்ரோவினாடி கழித்து இன்னொரு சிறு துடிப்பு. முதல் துடிப்பைத்தான் எண்ண வேண்டும் என்று நினைத்து, பின்னால் வந்ததை எல்லாம் இரைச்சல் என்று கழித்துவிட்டு, கோப்பையும் அழித்துவிட்டேன். வழிநடத்திய ஆசிரியர் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்த இரண்டாவது துடிப்பெல்லாம் எங்கே?" தகட்டுக்குள் நின்றுபோன மியூவான் சிதைந்து எலக்ட்ரானைத் துப்பியதுதான் அந்த இரண்டாவது துடிப்பு. மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவினாடி, அது முழுக்க அந்தத் தாமதத்தில்தான் எழுதியிருந்தது. எனக்கு இன்னொரு வாரம் எண்ணினால் போதுமாக இருந்தது, தரவு திரும்பக் கிடைத்தது. சூப்பர்நோவாவில் அந்த இன்னொரு வாரம் கிடையாது.

உங்கள் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. பொழிவு நடக்கும் பத்து வினாடிகளில் பின்னணி இரைச்சல் ஒரு பொருட்டே இல்லை. சூப்பர்-கமியோகாண்டே அளவுள்ள தொட்டியில் ஆயிரக்கணக்கில் நிகழ்வுகள் கொட்டும். ஆனால் ஐந்து நாள், ஓராண்டு என்று பார்க்கும் காலம் நீள நீள இரைச்சலும் சேர்ந்துகொண்டே போகும். சூரிய நியூட்ரினோக்கள் ஒரு பக்கம். வான்கதிர் மியூவான்கள் ஆக்சிஜன் கருக்களை உடைத்து உண்டாக்கும் கதிரியக்க அணுக்கள் இன்னொரு பக்கம். தண்ணீரில் எப்படியோ புகுந்துவிடும் கதிரியக்க வாயுவான ரேடான். எல்லாமே அதே சில மெகா எலக்ட்ரான் வோல்ட் பகுதியில் வந்து நிற்பவை. ஆனால் இந்தச் சண்டையில் உங்களுக்கு இருக்கும் பழக்கம் வேறு யாருக்கும் இல்லை. சூரிய நியூட்ரினோவுக்காக சூப்பர்-கமியோகாண்டே சுமார் 3.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை இறங்கிவந்தது சாதாரண வேலையா? சூரியன் எந்தப் பக்கம் என்று தெரிவதால் அதன் நியூட்ரினோக்களைத் திசை வைத்துப் பிரித்தீர்கள். அதே உத்தி இங்கேயும் உதவும். வெடித்த விண்மீன் எந்தத் திசை என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். காலம், திசை இரண்டும் கையில் இருக்கும்போது இரைச்சலை வெட்டிக் குறைக்கலாம்.

மிகைப்படுத்தி எழுத எனக்கு விருப்பமில்லை, அதனால் எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தூவானம் தெரிய வேண்டும் என்றால் இரண்டு நிபந்தனைகள் கூட வேண்டும். கரும்பொருள் நியூட்ரினோவோடும் மோத வேண்டும், எலக்ட்ரானோடும் மோத வேண்டும். எண்ணிக்கை அந்த இரண்டின் பெருக்கலைப் பொறுத்தது, ஒன்று இல்லை என்றாலும் தொட்டி காலிதான். அதோடு, இவ்வளவு லேசான துகள்கள் ஆதிப் பிரபஞ்சத்தின் கணக்குகளோடு ஒத்துப்போவது எளிதல்ல. பிரபஞ்சம் பிறந்த பெருவெடிப்புக்குப் பின் முதல் சில நிமிடங்களில் ஹீலியம் உருவான அளவு, விண்மீன் மண்டலங்கள் திரண்ட விதம், இவை பல மாதிரிகளை ஏற்கெனவே நெருக்குகின்றன. ஆனால் அந்தச் சோதனைகள் வேறு ஆற்றலில் நடப்பவை. பத்து மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரினோ கரும்பொருளை முட்டினால் என்ன ஆகும் என்பதை நேரடியாகப் பார்க்க சூப்பர்நோவாவைப் போல வசதியான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒன்றும் வரவில்லை என்ற பதில்கூட ஒரு நல்ல அளவீடு. ஆனால் "வரவில்லை" என்று சொல்வதற்கும் "பார்க்கவில்லை" என்று சொல்வதற்கும் இடையே இருப்பது நீங்கள் எடுத்து வைக்கும் தரவு மட்டும்தான்.

ஆகவே என் கோரிக்கைகள். சூப்பர்நோவா எச்சரிக்கை வந்தால் முழு மூலத்தரவையும் எத்தனை காலம் வைத்திருப்பது என்பதற்கு உங்கள் ஒவ்வொரு கூட்டமைப்பும் இன்றே ஒரு விதி எழுதி வெளியிடுங்கள். பொழிவுக்கு முன்னும் பின்னும் சில நிமிடங்கள் என்று அது நின்றுவிடக் கூடாது. முதல் ஒரு மாதத்துக்கு டிரிகர் (எதைப் பதிவது என்று உடனுக்குடன் முடிவெடுக்கும் அமைப்பு) வடிகட்டாத தரவு, அதன் பிறகு குறைந்தது பத்தாண்டுகளுக்கு உங்களால் இறங்க முடிந்த மிகக் குறைந்த ஆற்றல் வரை உள்ள நிகழ்வுகள் என்று இருந்தால் நன்றாக இருக்கும். வட்டுகளுக்குச் செலவாகும், தெரியும். தொட்டி தோண்டிய செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐஸ்கியூப் தன் உணரிகளின் ஒவ்வொரு துடிப்பையும் குறிப்பிட்ட காலம் கையில் வைத்திருந்து, எச்சரிக்கை வந்ததும் அந்தப் பகுதியை அப்படியே எடுத்துப் பத்திரப்படுத்தும் முறையை வைத்திருக்கிறது. பனிக்கட்டிக்குள் இருக்கும் அந்த உணரிகளால் தூவானத்தின் ஒரு துளியைத் தனியாகப் பார்க்க முடியாது என்றாலும், அந்த மனப்பான்மை எல்லோருக்கும் வர வேண்டியது.

பராமரிப்பு நிறுத்தங்களையும் ஒருவரோடு ஒருவர் பேசி வையுங்கள். பொழிவு வரும் வினாடியில் யாராவது ஒருவர் விழித்திருந்தால் போதும் என்ற கணக்கு தூவானத்துக்குச் செல்லாது. ஐந்தாம் நாள் எல்லாக் கருவிகளும் ஓய்வில் இருந்தால் பத்து கிலோ எலக்ட்ரான் வோல்ட் பகுதி அப்படியே நழுவிவிடும். விபத்துகளும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. 2001 நவம்பரில் சூப்பர்-கமியோகாண்டேவின் 11,000-க்கும் மேற்பட்ட குழாய்களில் பாதிக்கு மேல் சில வினாடிகளில் நொறுங்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பழைய கருவி ஓய்வு பெறுவதும் புதியது எழுவதும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி சில ஆண்டுகள் இருக்கட்டும். 2,60,000 டன் தண்ணீரோடு ஹைப்பர்-கமியோகாண்டே வந்துவிட்டதே என்று பழைய தொட்டியின் மின்சாரத்தை அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள்.

அப்புறம், தேடும் முறையையும் முன்கூட்டியே எழுதி வெளியிடுங்கள். எந்த நிறைக்கு எந்த நாளில் பார்ப்போம், எந்தத் திசை வட்டத்துக்குள் பார்ப்போம், எத்தனை நிகழ்வு வந்தால் நம்புவோம் என்பதை வெடிப்புக்கு முன்பே பூட்டி வைத்தால், நாளைக்கு ஒரு மேடு தெரியும்போது அதன் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. தரவை வெளியாருக்கும் திறந்து கொடுங்கள், பின்னணி இரைச்சலோடு சேர்த்தே கொடுங்கள். சுத்தம் செய்து எடுத்துவைத்த நிகழ்வுகளை மட்டும் கொடுத்தால், நான் அழித்த இரண்டாவது துடிப்பு மாதிரி எதுவாவது அதில் இல்லாமல் போயிருக்கும்.

கடைசியாக ஒன்று, இதற்கு அடுத்த சூப்பர்நோவா வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1987-இன் தூவானம் இன்னும் பெய்துகொண்டிருக்கலாம். 1,68,000 ஒளியாண்டு தொலைவுக்கு அதே தோராயக் கணக்கைப் போட்டால், 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் துகள் ஒரு மாதத்தில், அதாவது 1987 மார்ச் இறுதியில் கடந்துபோயிருக்கும். 100 கிலோ என்றால் எட்டாண்டு கழித்து 1995-இல். 200 கிலோ என்றால் 2020-ஐ ஒட்டி. அதைவிடக் கொஞ்சம் கனமானவை இந்த ஆண்டுகளில்தான் நம்மைத் தாண்டிக்கொண்டிருக்க வேண்டும். கமியோகாண்டேவும் சூப்பர்-கமியோகாண்டேவும் வெளியிட்ட தரவுகளை வைத்து வெளியிலிருந்தே சிலர் வரம்புகள் போட்டிருக்கிறார்கள். திசையையும் காலத்தையும் சேர்த்து உள்ளிருந்து தேடினால் இன்னும் கூர்மையாகப் பார்க்கலாம். 1996 முதல் சேர்ந்திருக்கும் சூப்பர்-கமியோகாண்டே தரவு உங்கள் கையில் இருக்கிறது. அந்தத் தொட்டி இருக்கும் கமியோகாவின் அட்சரேகையில் பெரிய மெகல்லன் மேகம் ஒருபோதும் அடிவானத்துக்கு மேலே வராது. 1987-இன் நியூட்ரினோக்கள் பூமியைத் துளைத்துக்கொண்டு கீழிருந்துதான் தொட்டிக்குள் ஏறின. இப்போதும் அந்தப் பக்கமிருந்தே வரும். கீழிருந்து மேலே ஏறும் அந்த ஒரு திசையில், கிட்டத்தட்ட முப்பது ஆண்டுத் தரவை ஒருமுறை வடிகட்டிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடனும் மிகுந்த மதிப்புடனும்,
உங்கள் தரவுகளுக்காகக் காத்திருக்கும் ஓர் இயற்பியல் ஆசிரியர்